குடியிருப்பும் குறைகூறலும்: ஆர்மேனியப் புலம்பெயர்ந்தோரும் அவர்தம் தாயகமும்

தாயகத்தில் வாழாதவர் அதைக் குறைகூறலாமா என்னும் வினா, உலகெங்கும் சிதறி வாழும் சமூகங்கள் பலவற்றிலும் எழுவதுதான். ஆர்மேனியரிடையே அது வாய்ச்சண்டையோடு நின்றதில்லை. கட்சிகளைப் பகைவர்களாக்கியிருக்கிறது, திருச்சபையை இரண்டு தலைமைகளின் கீழ்ப் பிரித்திருக்கிறது, ஒரு பேராயரின் உயிரையும் வாங்கியிருக்கிறது. இவ்வினாவுக்குத் தலைநகராகிய எரெவானில் பொதுவாகக் கிடைக்கும் விடை, 'இங்கே வந்து குடியிரு, பிறகு பேசு' என்பது. லாஸ் ஏஞ்சலிஸிலும் பெய்ரூட்டிலும் பாரிஸிலும் கிடைக்கும் விடை, நாடு அதன் எல்லைக்குள் இருப்பவர்க்கு மட்டும் சொந்தமன்று என்பது. இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. ஆயினும் குடியிருப்பே பேச்சுரிமையின் அளவுகோல் என்னும் முதல் விடையை, கடந்த இரண்டரை நூற்றாண்டு ஆர்மேனிய வரலாற்றின்மீது வைத்துப் பார்த்தால் அது நிலைப்பதில்லை. வந்து வாழ்ந்தவர்கள் பேச விடப்படவில்லை. வாராதவர்கள் பேசியபோதோ, அப்பேச்சு ஆட்சியில் இருந்தவர்க்கு இனித்ததா கசந்ததா என்பதைப் பொறுத்தே அவர்களுக்கு உரிமை உண்டென்றும் இல்லையென்றும் சொல்லப்பட்டது. இதனை நிகழ்வுகளின் வழியே காட்டுவதுதான் இச்சொற்பொழிவின் நோக்கம்.

இன்றைய ஆர்மேனியக் குடியரசின் பரப்பு 29,743 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனுள் வாழ்வோர் ஏறத்தாழ 30 லட்சம். வெளியே ரஷ்யா, அமெரிக்கா, பிரான்சு, ஜார்ஜியா, லெபனான், ஈரான், அர்ஜென்டினா முதலிய நாடுகளில் வாழ்வோர் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆர்மேனியர் இவ்வெளிவாழ் சமூகத்தை 'ஸ்ப்யூர்க்' என்பர். இது ஒரே கூட்டமன்று. 1915இல் தொடங்கி ஒட்டோமான் அரசு நடத்திய இனப்படுகொலையில் தப்பிப் பாலைவனம் கடந்து சிரியாவையும் லெபனானையும், அங்கிருந்து பிரான்சையும் அமெரிக்காவையும் அடைந்தோரின் வழிவந்தவர்கள் ஒரு பிரிவினர்; 1988ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்கும் சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்கும் பின் வேலை தேடிக் குடியரசிலிருந்தே வெளியேறியவர்கள் இன்னொரு பிரிவினர். இரண்டாம் பிரிவினர்க்குத் தாயகம் என்பது அவர்கள் பூட்டிவிட்டு வந்த வீடு. முதற்பிரிவினரின் நிலை அத்துணை எளிதன்று. அவர்களுடைய பாட்டன் பாட்டியர் வாழ்ந்த வான், கார்பெர்ட், செபஸ்தியா, மராஷ், ஐந்தாப் ஆகிய ஊர்கள் யாவும் இன்றைய துருக்கிக்குள் இருக்கின்றன. இன்றைய குடியரசு ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த கிழக்குப் பகுதியிலிருந்து உருவானது. அங்குப் பேசப்படுவது கிழக்கு ஆர்மேனியம். 1922இல் சோவியத் அரசு அதன் எழுத்துக்கூட்டலையும் மாற்றிவிட்டது. பெய்ரூட்டை அடுத்த புர்ஜ் ஹம்மூத்தில் நோர் மராஷ், நோர் அதானா என்று, அதாவது புதிய மராஷ், புதிய அதானா என்று, தெருவெல்லாம் இழந்த ஊர்களின் பெயரை வைத்துக்கொண்டு வாழும் ஒருவரிடம் 'உன் தாயகத்துக்கு வா' என்றால், அவர் தம் முன்னோர் ஒருவரும் காலடி வைத்திராத நகரத்துக்குச் செல்ல வேண்டும். தாயகத்தைப் பற்றிய வெளிநாட்டு ஆர்மேனியரின் எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் இந்த இடைவெளியில்தான் விளைகின்றன.

இந்த வழக்கின் முதல் அத்தியாயத்தில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. பாரசீகத்தின் இஸ்பகான் நகரை அடுத்த நியூ ஜுல்பாவிலிருந்து வந்த ஆர்மேனிய வணிகர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு மதராஸில் செல்வாக்கோடு இருந்தனர். அவர்களுள் ஒருவரான ஷஹாமிர் ஷஹாமிரியான் இங்கு ஓர் அச்சகம் நிறுவினார். 1772இல் அதிலிருந்து வெளிவந்த 'நோர் டெத்ராக்' (புதிய ஏடு) என்னும் நூல் மோவ்செஸ் பக்ராமியானின் பெயரோடு தொடர்புடையது. ஆர்மேனியா அடிமைப்பட்டதற்கு அந்நியப் படையெடுப்பு மட்டும் காரணமன்று, ஆர்மேனிய மன்னர்களின் தான்தோன்றி ஆட்சியும் மக்களின் ஒற்றுமையின்மையும் கல்லாமையும் காரணம் என்று அது வாதிட்டது. அடுத்து வந்த 'வோரொகாய்த் பராத்ஸ்' (புகழின் கண்ணி) இனி அமையவேண்டிய ஆர்மேனிய நாட்டுக்கு 521 பிரிவுகள் கொண்ட ஓர் அரசமைப்பையே வகுத்துத் தந்தது. அந்நூலின் முகப்பில் உள்ள ஆண்டு 1773. அந்த ஆண்டை ஏற்றால், அமெரிக்க அரசமைப்பு எழுதப்படுவதற்கு முன்னரே, நாடில்லாத ஒரு மக்களுக்காக, வங்கக் கடலோரத்தில் ஒரு வணிகர் அரசமைப்பு எழுதிக்கொண்டிருந்தார் என்பது வியப்புக்குரியது.

எச்மியாத்சினில் இருந்த ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைக் குருவான கத்தோலிக்கோஸ், எரெவானைச் சேர்ந்த சிமியோன், இதை வியக்கவில்லை, சினந்தார். 'நோர் டெத்ராக்' படிகளை எரிக்கப் பணித்தார். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் இருந்தது பாரசீகத்துக்கு உட்பட்ட கானின் ஆட்சிப்பகுதியில். மதராஸில் அச்சாகும் கலகப் பேச்சுக்கு எரெவானிலுள்ள குடியானவர்கள் விலை கொடுக்க நேரும் என்று அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. வெளியில் இருப்பவர்க்குத் துணிவு எளிது, உள்ளே இருப்பவர்க்கு அதன் செலவு பெரிது என்னும் வாதம் அன்றே தொடங்கிவிட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1794இல், உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தராரை' இதே மதராஸில் ஹருத்யூன் ஷ்மவோனியான் என்னும் குரு வெளியிட்டார். அவருடைய கல்லறை, மக்கள் வாயில் அரண்மனைக்காரத் தெரு என்று வழங்கும் ஆர்மேனியன் தெருவின் புனித மரியன்னை ஆலய வளாகத்தில் இருக்கிறது.

குறைகூறுவதற்கு ஓர் அரசே இல்லாத காலத்தின் செய்தி இது. அரசு அமைந்தபின் வழக்கு கடுமையாயிற்று. 1918 மே மாதம் தோன்றிய முதல் ஆர்மேனியக் குடியரசை நடத்திய தஷ்னாக் கட்சி, அதாவது ஆர்மேனியப் புரட்சிக் கூட்டமைப்பு, 1920இன் இறுதியில் சோவியத் ஆட்சி ஏற்பட்டதும் நாட்டைவிட்டு வெளியேறி, வெளிநாட்டு ஆர்மேனியரிடையே வேரூன்றியது. சோவியத் ஆர்மேனியா என்பது பறிக்கப்பட்ட நாடு, அதை ஏற்பது துரோகம் என்றது அக்கட்சி. அதற்கு எதிரணியில் நின்ற ராம்கவார் கட்சியினரும் ஹுன்சாக் கட்சியினரும், எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் எஞ்சியிருக்கும் ஒரே ஆர்மேனியா அதுதான், அதை இழித்துப் பேசுவதே துரோகம் என்றனர். இரு சாராரும் அங்கு வாழவில்லை என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1933 ஜூலை முதல் நாள் சிகாகோவின் உலகக் கண்காட்சியில் ஆர்மேனியர் நாள் கொண்டாடப்பட்டது. அமெரிக்க ஆர்மேனியத் திருச்சபையின் தலைவர் பேராயர் லெவோன் தூரியான், மேடையில் இருந்த முதல் குடியரசின் சிவப்பு, நீலம், ஆரஞ்சு நிற மூவண்ணக் கொடியை அகற்றினாலொழியப் பேச மறுத்தார். எச்மியாத்சின் சோவியத் ஆட்சிக்குள் இருந்தது; அங்குள்ள தலைமைக்குக் கட்டுப்பட்ட ஒரு பேராயர் அக்கொடியின் கீழ் நின்றால் அதன் விளைவைச் சுமப்பவர்கள் அங்குள்ள குருமார்கள். தஷ்னாக் சார்பினர் அதை அப்படிப் பார்க்கவில்லை. தங்கள் நாட்டையே அவர் மேடையிலிருந்து இறக்கியதாகக் கொண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியிலிருந்த திருச்சிலுவை ஆலயத்தில் வழிபாட்டுப் பவனி நடுவழியில் வந்துகொண்டிருந்தபோது, இருபுறமும் மக்கள் அமர்ந்திருக்க, பேராயர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். தஷ்னாக் சார்பினர் ஒன்பதின்மர் தண்டனை பெற்றனர். திருச்சபை பிளந்தது. 1950களில் ஒரு பிரிவு லெபனானின் அந்தேலியாஸிலுள்ள சிலிசியத் தலைமையின் கீழ்ச் சென்றது. மற்றது எச்மியாத்சினோடு இருந்தது. வழிபாட்டு முறை ஒன்று, மொழி ஒன்று, சமயக் கோட்பாடு ஒன்று. ஆயினும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இன்றும் இரண்டு ஆர்மேனிய ஆலயங்கள் தனித்தனியே நிற்கின்றன. ஐயாயிரம் மைல் தொலைவிலுள்ள ஓர் அரசைப் பற்றி என்ன சொல்லலாம் என்பதில் தொடங்கிய பூசல், அவ்வரசு மறைந்த பின்னும் கட்டடங்களாக எஞ்சியிருக்கிறது.

குடியிருப்பே அளவுகோல் என்னும் வாதத்துக்கு உண்மையான சோதனை இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. துருக்கியிடம் கார்ஸ், அர்தஹான் மாவட்டங்களைக் கேட்க முனைந்த ஸ்டாலின், அங்குக் குடியேற்ற மக்கள் வேண்டும் என்பதையும் மனத்தில் கொண்டு, வெளிநாட்டு ஆர்மேனியர் சோவியத் ஆர்மேனியாவுக்குத் திரும்பலாம் என்று 1945இன் இறுதியில் அறிவித்தார். ஆர்மேனியர் 'நெர்காக்த்' என்று குறிக்கும் இத்தாயகம் திரும்பலில் 1946 முதல் 1948 வரை ஏறத்தாழ 90,000 பேர் சிரியா, லெபனான், ஈரான், கிரீஸ், எகிப்து, பிரான்சு ஆகிய நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தனர். அமெரிக்காவிலிருந்தும் சில நூறு பேர் கப்பலேறினர். வந்தவர்களுள் பெரும்பாலோர் 1915இன் அனாதைகளும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். அகதி முகாமிலும் தகரக் குடிசையிலும் முப்பது ஆண்டு கழித்துவிட்டு, கடைசியில் சொந்த மண்ணில் கால் வைக்கிறோம் என்ற எண்ணத்தோடு, வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கருங்கடலின் பட்டுமி துறைமுகத்தில் இறங்கியவர்கள்.

அங்கு அவர்கள் கண்டது போரில் ஆண்மக்களை இழந்து, பஞ்சத்தில் அடிபட்டு, ரொட்டியைப் பங்கீட்டு அட்டைக்கு வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாடு. அட்டை முறை 1947 டிசம்பரில்தான் நீங்கியது. உள்ளூரார்க்கு வந்தவர்கள் உறவினர்களாகத் தோன்றுமுன் பங்காளிகளாகத் தோன்றினர். ரொட்டிக்கும் வீட்டுக்கும் இன்னும் ஒரு கூட்டம். மேற்கு ஆர்மேனியத்தில் 'அண்ணே' என்று விளிக்கும் 'அக்பார்' என்னும் சொல்லே வந்தேறிகளைக் குறிக்கும் ஏளனப் பெயராயிற்று. அக்பார்கள் மெல்லிய துணியை உடுத்தினர், காப்பி குடித்தனர், கடையில் நின்று குறை சொன்னார்கள். கடைசிக் குற்றம்தான் பெரிது. வெளியுலகில் இருந்தபடியே கட்சியையும் முதலாளியையும் குருமாரையும் வாய்விட்டுத் திட்டிப் பழகியவர்கள், திட்டுவது அரசுக் குற்றமாகும் நாட்டுக்கு வந்திருந்தனர்.

அக்காலத்துக் கதை ஒன்று ஆர்மேனியர் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. முன்னதாகப் புறப்பட்ட ஒருவர், கடிதங்கள் தணிக்கையாகும் என்று அறிந்து, உறவினர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டாராம்: நிலைமை நன்றாக இருந்தால் நின்றுகொண்டு எடுத்த புகைப்படம் அனுப்புவேன், மோசமாக இருந்தால் உட்கார்ந்துகொண்டு எடுத்தது வரும், அப்போது யாரும் கிளம்பாதீர்கள். சில மாதங்கள் கழித்துப் படம் வந்தது. அதில் குடும்பத்தார் அனைவரும் தரையில் படுத்திருந்தனர். இது எந்தக் குடும்பத்தில் நடந்தது என்று கேட்டால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு குடும்பத்தின் பெயர் கிடைக்கும். நடந்ததோ இல்லையோ, தாயகத்தில் குடியேறியவரின் விமரிசனம் எந்த வடிவில்தான் வெளிவர முடிந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

1949 ஜூன் மாதத்தில் ஓரிரவு ஆர்மேனியாவிலிருந்து 12,000க்கும் மேற்பட்டோர் வண்டிகளில் ஏற்றப்பட்டுச் சைபீரியாவின் அல்தாய் பகுதிக்கு நாடுகடத்தப்பட்டனர். தஷ்னாக் என்றும் முன்னாள் துருக்கியக் குடிமக்கள் என்றும் முத்திரை குத்தப்பட்ட அவர்களிடையே தாயகம் திரும்பியோரும் இருந்தனர். துருக்கியிலிருந்து தப்பியதற்காகவே ஒருவர் துருக்கியக் குடிமகனாகக் கருதப்பட்டுத் தாயகத்திலிருந்து துரத்தப்படுவது, கற்பனைக் கதையில் வந்தால் மிகையென்று தோன்றும். 1956இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் கிறிஸ்டியான் பினோ எரெவானுக்கு வந்தபோது, பிரான்சிலிருந்து வந்து குடியேறியிருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு தங்களைத் திருப்பி அழைத்துச் செல்லும்படி பகிரங்கமாகக் கேட்டனர். கதவு சிறிது திறந்த பின், வந்தவர்களும் அவர்களின் மக்களும் மெல்ல வெளியேறத் தொடங்கினர். 1970களில் அவர்களுட் பலர் லாஸ் ஏஞ்சலிஸைச் சென்றடைந்தனர். போகாமல் தங்கியவர்கள் எரெவானுக்குக் காப்பிப் பழக்கத்தையும் ஓரளவு தையல், காலணித் தொழில் நேர்த்தியையும் கொடுத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு குடியரசுத் தலைவரையும் தந்தார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1991இல் சுதந்திர ஆர்மேனியாவின் முதல் தலைவரான லெவோன் தெர்-பெத்ரோஸியான் அலெப்போவில் பிறந்து, கைக்குழந்தையாகப் பெற்றோரோடு 1946இல் வந்தவர்.

இந்தக் கசப்புக்குப் பின் மாஸ்கோவும் எரெவானும் வேறொரு முறையைக் கண்டன. வெளிநாட்டு ஆர்மேனியர் வந்து குடியேற வேண்டாம். வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். 1964இல் இதற்கென்றே ஒரு பண்பாட்டுத் தொடர்புக் குழு அமைந்தது. பாடநூல்கள் அனுப்பப்பட்டன, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பிள்ளைகளுக்குக் கோடை முகாமும் நடந்தன. 1967இல் எழுந்த சித்சர்னகபெர்த் இனப்படுகொலை நினைவுச் சின்னம், மலைகளுக்கு நடுவே பழைய மடங்கள், எல்லைக்கு அப்பால் தெரியும் அராரத் சிகரம் ஆகியவற்றைக் கண்டு கண்ணீர் மல்கத் திரும்பும் விருந்தினரிடம் நிறையச் சொல்வதற்கும் இல்லை, அவரிடமிருந்து கேட்பதற்கும் இல்லை. அமெரிக்க ஆர்மேனியரைப் பற்றிய தம் நூலில் சமூகவியலாளர் ஆன்னி பகாலியான், ஆர்மேனியராக வாழ்தலிலிருந்து ஆர்மேனியராக உணர்தலுக்கு நிகழ்ந்த மாற்றம் என்று இதன் மறுபக்கத்தை விளக்குகிறார். அதாவது மொழியும் தெருவும் திருமணமும் அன்றாடத்திலிருந்து நழுவிய பின், அடையாளம் விழாவிலும் உணவிலும் நினைவுநாளிலும் தங்குகிறது. அப்படி உணர்வில் வாழ்பவர்க்குத் தாயகம் குறையற்றதாக இருந்தாக வேண்டும். ஏனெனில் அவரிடம் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கனடாவில் வளர்ந்த ஆர்மேனிய இயக்குநர் ஆட்டம் எகோயான் 1993இல் எடுத்த 'காலண்டர்' என்னும் திரைப்படம் இதனை எந்த ஆய்வைவிடவும் கூர்மையாகக் காட்டுகிறது. நாட்காட்டி ஒன்றுக்காகப் பன்னிரண்டு பழைய ஆலயங்களைப் படம்பிடிக்கக் கனடாவிலிருந்து வரும் ஒரு புகைப்படக்காரர் (இவ்வேடத்தை எகோயானே ஏற்றார்), ஆர்மேனியம் தெரிந்த தம் மனைவியையும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு மலையெங்கும் அலைகிறார். கருவிக்குப் பின்னாலேயே நிற்கும் அவரிடம், அருகில் சென்று கற்களைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா என்று வழிகாட்டி கேட்க, மனைவி அதை மொழிபெயர்க்கிறார். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை, எரிச்சல்தான் வருகிறது. மனைவி அங்கேயே தங்கிவிடுகிறார். அவர் படங்களோடு டொராண்டோவுக்குத் திரும்புகிறார். எகோயான் தம்மை அந்த எரிச்சலுக்குரியவராக நடிக்க வைத்துக்கொண்டது இப்படத்தின் நேர்மை.

சுதந்திரம் வந்தபோது வெளிநாட்டு ஆர்மேனியரைக் குடியிருப்பாளராகவும் ஆட்சியாளராகவும் ஏற்கும் வாய்ப்பு உண்மையாகவே பிறந்தது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பிறந்த ராஃபி ஹொவானிசியான் முதல் வெளியுறவு அமைச்சரானார். 1992இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பியக் கூட்டமொன்றில் துருக்கியை அவர் வெளிப்படையாகச் சாடிய பின், பதவி விலகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். வெளிநாட்டு ஆர்மேனியரின் நினைவும் அரசின் அன்றாட நலனும் ஒன்றல்ல என்பது அன்று தெளிவாயிற்று. மூடிய எல்லையோடும் கோதுமைத் தட்டுப்பாட்டோடும் குளிர்காலத்தை எதிர்நோக்கிய ஒரு சிறு நாட்டின் தலைவருக்கு அவ்வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்திருக்கும். ஆனால் தெர்-பெத்ரோஸியான் செய்தது அது மட்டுமன்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில், தொலைக்காட்சியில் தோன்றி, கிரேக்கக் குடிமகனான தஷ்னாக் தலைவர் ஹ்ராயிர் மருகியானை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார். 1994 டிசம்பரில் அக்கட்சியின் செயல்பாட்டையே நிறுத்திவைத்தார். குழந்தையாகத் திரும்பி வந்த அக்பாரின் ஆட்சியில், திரும்பி வந்தவர்களின் கட்சிக்குத் தடை.

பணம் மட்டும் எக்காலத்திலும் தடைப்படவில்லை. 1992இல் தொடங்கிய 'ஹயஸ்தான்' அனைத்து ஆர்மேனிய நிதியம், ஆண்டுதோறும் நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நடத்திவந்த தொலைக்காட்சி நிதிதிரட்டலால், அஜர்பைஜானுக்குள் ஆர்மேனியர் வாழ்ந்த பகுதியான கராபாக்குக்குச் சாலையே போட்டது. ஃபிரெஸ்னோவில் பிறந்து லாஸ் வேகாஸில் செல்வம் சேர்த்த கிர்க் கெர்கோரியானின் அறக்கட்டளை நெடுஞ்சாலைகளையும் எரெவானின் தெருக்களையும் செப்பனிட்டது. 1995ஆம் ஆண்டு அரசமைப்பு இரட்டைக் குடியுரிமையைத் தடுத்திருந்தது. 2005இல் நடந்த பொதுவாக்கெடுப்பு அத்தடையை நீக்க, 2007இல் சட்டம் வந்தது. அதே 2007இல் வெளிநாடுகளிலுள்ள தூதரகங்களில் வாக்களிக்கும் முறை நீக்கப்பட்டது. கடவுச்சீட்டு கிடைக்கும், வாக்குப் போட வேண்டுமானால் எரெவானுக்கு வர வேண்டும். இளைஞனானால் படைச்சேவையும் காத்திருக்கும். ஓர் அரசு தன் வெளிநாட்டு மக்களிடம் என்ன விரும்புகிறது, என்ன விரும்பவில்லை என்பதை ஒரே ஆண்டின் இரண்டு சட்டங்களைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

இதனால் வெளிநாட்டு ஆர்மேனியர் பக்கம் குறையில்லை என்று ஆகாது. அவர்களுடைய விமரிசனம் எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று பார்த்தால் சங்கடமான உண்மை ஒன்று வெளிப்படுகிறது. 2008 பிப்ரவரித் தேர்தலை எதிர்த்து எரெவானில் நடந்த போராட்டம் மார்ச் முதல் நாள் அடக்கப்பட்டபோது பத்துப் பேர் இறந்தனர். வெளிநாட்டிலிருந்த பெரிய அமைப்புகள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே ஆட்சி, துருக்கியோடு உறவை ஏற்படுத்தவும் எல்லையைத் திறக்கவும் சூரிச்சில் உடன்படிக்கைகளில் கையெழுத்திட முனைந்தது. வரலாற்றறிஞர் குழு ஒன்று அமைப்பதென்னும் விதி இனப்படுகொலையை ஐயத்துக்குள்ளாக்கும் என்று வெளிநாட்டு ஆர்மேனியர் அஞ்சினர். ஆதரவு தேடி உலகப் பயணம் புறப்பட்ட குடியரசுத் தலைவர் செர்ஷ் சர்க்ஸியானைப் பாரிஸில் இசையறிஞர் கோமிதாஸின் சிலையருகே 'துரோகி' என்னும் கூச்சல் எதிர்கொண்டது. லாஸ் ஏஞ்சலிஸிலும் பெய்ரூட்டிலும் அவ்வாறே. அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால் எரெவான் தெருவில் சுடப்பட்டவர்களுக்காக எழாத குரல், ஓர் உடன்படிக்கையின் வாசகத்துக்காக எழுந்தது. தாயகம் என்னும் கருத்துக்கு ஊறு நேர்ந்தால் சினமும், தாயகத்தில் வாழ்பவர்க்கு ஊறு நேர்ந்தால் 'வெளியில் அழுக்கு காட்ட வேண்டாம்' என்னும் அடக்கமும் எழுவது, வரலாற்றாசிரியர் பெனடிக்ட் ஆண்டர்சன் 'தொலைதூரத் தேசியம்' என்று பெயரிட்டு விமரிசித்த போக்கின் ஒரு கூறு. பின்னாளில் இது மாறியது. லெபனானில் பிறந்த ராக் இசைக்கலைஞர் செர்ஜ் தங்கியான் 2013இல் தேர்தல் முறைகேடு பற்றி அரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2017 தேர்தலைப் பார்வையிட அவரும் எகோயானும் நேரில் வந்தனர். 2018 மக்கள் எழுச்சியின்போது அவர் எரெவான் சதுக்கத்தில் நின்றார்.

இரு பக்கத்திலும் நிற்காத ஒருவரின் குரலை இங்குக் கேட்பது பொருந்தும். இஸ்தான்புல்லின் ஆர்மேனிய இதழாளர் ஹ்ராண்ட் டிங்க், தாம் நிறுவிய 'ஆகோஸ்' இதழில் ஆர்மேனிய அடையாளம் பற்றி ஒரு தொடர் எழுதினார். வெளிநாட்டு ஆர்மேனியர் துருக்கியன் என்னும் பகையுருவத்தையே தம் அடையாளத்தின் மையமாக்கி அதனால் நஞ்சூட்டப்படுகிறார்கள், அதை விட்டுச் சுதந்திர ஆர்மேனியாவோடு உள்ள உயிருள்ள உறவில் தம் ஆற்றலைச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். வெளிநாட்டு ஆர்மேனியருக்கு அது கசந்தது. துருக்கிய நீதிமன்றமோ நஞ்சு என்றது துருக்கிய இரத்தத்தை என்று பொருள்கொண்டு 2005இல் துருக்கியரை இழிவுபடுத்தியதாக அவருக்குத் தண்டனை விதித்தது. 2007 ஜனவரி 19 அன்று தம் அலுவலக வாயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பூர்விக மண்ணிலேயே வாழ்ந்தவர் அவர். அந்த மண்ணில் பேசியதற்குக் கிடைத்தது இது.

வந்து வாழ்வோர் இன்று இல்லாமல் இல்லை. 2003 முதல் 'பர்த்ரைட் ஆர்மேனியா' என்னும் அமைப்பு வெளிநாட்டு ஆர்மேனிய இளைஞரைத் தன்னார்வப் பணிக்கு அழைத்து வருகிறது. அவர்களிற் சிலர் தங்கிவிடுகின்றனர். 2012இலிருந்து சிரியாவின் உள்நாட்டுப் போர் 20,000 பேர் அளவில் எரெவானுக்குத் துரத்தியது. அவர்கள் திறந்த உணவகங்களால் நகரத்தின் சமையலே மாறியது. இருவகையினரின் குறைகூறலுக்கும் நிறம் வேறு. தேடி வந்தவர், விரும்பினால் போய்விடலாம் என்னும் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்து மெத்தனத்தையும் வாகனங்களின் போக்கையும் குறைகூறுகிறார். துரத்தப்பட்டு வந்தவர் வாடகையையும் கூலியையும் குறைகூறுகிறார். அவர்களுட் பலர் பின்னர்க் கனடாவுக்குப் போய்விட்டனர். உள்ளூராரின் குறைகூறலோ அனைவருடையதையும் மிஞ்சியது. 'நாடா இது, நாடே இல்லை' என்பது எரெவானின் அன்றாட வழக்கு. வாடகை வண்டியோட்டியிலிருந்து பேராசிரியர் வரை அதைச் சொல்வார்கள். அதையே பாஸ்டனிலிருந்து வந்த ஒருவர் சொன்னால் மேசையில் அமைதி விழும். தன் தாயைத் தான் திட்டலாம், பக்கத்து வீட்டார் திட்டக்கூடாது என்பது மனித இயல்பு. வந்தவர் தம்மைப் பக்கத்து வீட்டாராகக் கருதவில்லை என்பதில்தான் சிக்கல்.

2020 செப்டம்பரில் கராபாக்கின் பொருட்டு அஜர்பைஜானோடு தொடங்கிய 44 நாள் போரில் தோற்ற பின் இப்பழைய பிரிவினை புதிய கூர்மை பெற்றது. வெளிநாட்டு அமைப்புகள் பிரதமர் நிக்கோல் பஷினியானை நாட்டை விட்டுக்கொடுத்தவராகச் சாடின. 2022 கோடையில் பிரான்சு ஆர்மேனிய அமைப்புகளின் ஒருங்கிணைப்பு அவைத் தலைவர்களுள் ஒருவர் எரெவான் விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்; தஷ்னாக் கட்சியைச் சேர்ந்த இன்னும் சிலருக்கும் அதே நிலை. முப்பது ஆண்டுகளுக்கு முன் தெர்-பெத்ரோஸியான் செய்ததை, ஒருகாலத்தில் அவருடைய அணியில் நின்ற பஷினியான் திரும்பச் செய்தார். அதற்கு ஒரு கொள்கைப் பெயரும் பின்னர்க் கிடைத்தது: 'மெய்யான ஆர்மேனியா', அதாவது இன்றைய எல்லைக்குள் இருக்கும் 29,743 சதுர கிலோமீட்டர்; இழந்த மண்ணின் நினைவாகிய வரலாற்று ஆர்மேனியாவைத் தேடுவதை நிறுத்த வேண்டும் என்பது அதன் உட்பொருள். எல்லைக்குள் இருப்பவரின் பாதுகாப்புக்கு இது விவேகமான நிலைப்பாடாக இருக்கலாம். ஆனால் வெளிநாட்டு ஆர்மேனியரில் பெரும்பகுதியினர் எந்த ஆர்மேனியாவிலிருந்து வந்தார்களோ, அதை மெய்யற்றது என்று அரசே அறிவிப்பதாகவும் அது ஒலிக்கிறது.

இந்த வாதத்துக்குள் வெளிநாட்டாரும் அல்லாத, உள்நாட்டாரும் அல்லாத ஒரு கூட்டம் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் அஜர்பைஜானின் தாக்குதலுக்குப் பின் சில நாட்களுக்குள் கராபாக்கின் ஆர்மேனியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் லச்சின் சாலை வழியே ஆர்மேனியாவுக்குள் நுழைந்தனர். அவர்கள் கையில் பல ஆண்டுகளாகவே ஆர்மேனியக் கடவுச்சீட்டு இருந்தது. ஆனால் வழங்கிய அலுவலகத்தைக் குறிக்கும் கட்டத்தில் 070 என்னும் எண் அச்சாகியிருந்தது. அந்த எண்ணுள்ள கடவுச்சீட்டு பயண ஆவணமேயன்றிக் குடியுரிமைச் சான்றன்று என்று அரசு விளக்கியது. அவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதி நிலை தரப்பட்டது. வாக்களிக்க வேண்டுமானால் குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். வீடு வாங்குவதற்கான அரசு உதவிக்கும் அதுவே நிபந்தனை. குடியுரிமை பெற்றால் அகதி நிலை போகும், அதோடு திரும்பிச் செல்லும் உரிமைக் கோரிக்கையும் வலுவிழக்கும் என்று அஞ்சுவோர் அவர்களிடையே பலர். வாடகை உதவியைக் குறைப்பதை எதிர்த்து அவர்கள் எரெவானின் சுதந்திரச் சதுக்கத்தில் கூடிக் குரலெழுப்பியதும் உண்டு. எனவே ஒரே குடும்பத்தில் மகன் விண்ணப்பித்துவிட்டு வீட்டுக்கடன் வரிசையில் நிற்க, தந்தை 070 எண்ணுள்ள பழைய கடவுச்சீட்டை மாற்ற மறுத்து வாடகை வீட்டில் இருக்கும் நிலையும் அங்கு ஏற்பட இடமிருக்கிறது.